மாமா பெயரில் ஒரு ஃபோல்டர்

14.10.2012, ஞாயிறு, காலை 6.52. முழுதாக உள்ள கோப்புகள்: பூஜ்யம்.

உங்கள் டைரியில் நீங்கள் எழுதுவது போலவே ஆரம்பித்திருக்கிறேன் மாமா. தேதி, கிழமை, மணி, எண்ணிக்கை. சிப்காட்டில் மணிக்கொரு தரம் பாய்லர் பிரஷரைக் குறித்துக் குறித்து ஊறிப்போன கை உங்களுடையது. வீட்டில் ஒரு டிஸ்க் பொட்டியில் போட்டோ சேர்த்து வைப்பதற்கும் லாக் புக் போட்ட ஆள் கடலூர் மாவட்டத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அதை எத்தனையோ தரம் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது அந்த டைரியின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். கடைசியாக உங்கள் கையெழுத்தில் இருக்கிற வரி: 3.6.2012, ஞாயிறு, காலை 11.40, 18,346.

ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. பொட்டி இரண்டு தரம் பீப் அடித்தது. "முழிச்சிக்கிச்சி" என்று நீங்கள் சொல்வதை இன்று யாரும் சொல்லவில்லை. ஏழு மணிக்கு மறுபடி போய்விடும். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. இந்த வருஷம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று முழுக்க அந்த ஒற்றை மணி நேரங்களில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அதன் பலனைத்தான் முதல் வரியில் எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. பொட்டியில் உங்கள் பெயரில் இருந்த ஃபோல்டரை நான் அழித்துவிட்டேன். உங்கள் பாப்பா பிறந்ததிலிருந்து இந்தக் குடும்பம் எடுத்த அத்தனை போட்டோவும் வீடியோவும் அதற்குள்தான் இருந்தன. இதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொள்ளாமல், "எத்தன மணிக்கு?" என்று முதலில் கேட்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களிடம் முதலில் சொல்கிறேன். அக்காவுக்கு இன்னும் தெரியாது.

பொட்டி வாங்க நாம் இருவரும் பைக்கில் பாண்டிச்சேரி போனது நினைவிருக்கிறதா? 2009. நான் இரண்டு வாரம் படித்துவிட்டு முடிவோடு வந்திருந்தேன். போட்டோக்களைச் சேமிக்கிற வசதியைப் பழைய கம்ப்யூட்டரை வைத்து நாமே செய்துகொள்ளலாம்தான். ஆனால் அது கரண்டைத் தின்னும், சத்தம் போடும், தூசு தட்டுகிறேன் என்று அம்மா ஒயரைப் பிடுங்கிவிடுவாள். அதைவிட ரெடிமேடாக வருகிற சின்னப் பொட்டி, உள்ளே இரண்டு டிஸ்க், வீட்டில் இருக்கிற எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் திறந்து பார்க்கலாம். கடைக்குள் போனோமா, காட்டினோமா, வாங்கினோமா என்று இருந்திருக்க வேண்டும். நீங்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தீர்கள். எனக்கு மானம் போயிற்று.

"இதுல எதுக்குங்க ரெண்டு டிஸ்க்கு?"

"மிரர் சார். ஒண்ணுல எழுதறத அப்பவே இன்னொண்ணுலயும் எழுதிடும். ஒண்ணு கெட்டுப்போனாலும் ஒண்ணு நிக்கும்."

"சரி. ஒண்ணுல அழிச்சா?"

"ரெண்டுலயும் அழியும் சார். கண்ணாடி மாதிரிதான்."

"அப்ப நான் கண்ணாடி முன்னாடி நின்னு மீசய எடுத்துட்டா, உள்ள இருக்கறவன் மீசயோட நிப்பான்னு பாத்துக்கினு இருக்கக் கூடாது."

கடைக்காரர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. "யாரு மாமா அழிக்கப் போறா? எடுங்க, போவலாம்" என்றேன்.

யார் அழிக்கப் போகிறார்கள் என்று கேட்டவன் நான்தான்.

திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் உங்கள் கல்யாண ஆல்பம் கதையைச் சொன்னீர்கள். உங்களுக்கும் அக்காவுக்கும் கல்யாணம் ஆன வருஷமே அடித்த மழையில் காட்டுமன்னார்கோயில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகம் உரிந்து வந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று சிடியிலும் போட்டு வாங்கித்தான் வைத்திருந்தீர்கள். அந்த சிடியும் அதே டிரங்குப் பெட்டியில், அதே ஆல்பத்துக்கு அடியில்.

"ரெண்டு இருந்தா போதாது மச்சான். ரெண்டு ஊர்ல இருக்கணும்."

அதற்குத்தான் அந்தச் சின்ன டிஸ்க், சட்டைப் பைக்குள் வைக்கிற அளவு. உங்கள் பழைய சாப்பாட்டுப் பையில் துண்டைச் சுற்றி, துண்டுக்குள் டிஸ்க்கைச் சுற்றி, ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வருவீர்கள். வாரம் ஆறு நாள் வேலைக்காக அதே ரோட்டில் சிப்காட் வரை வந்து போகிற மனுஷன், ஏழாவது நாளும் அதே பஸ்ஸில் சிப்காட்டைத் தாண்டி மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு வரைக்கும் வந்தீர்கள். பொட்டியில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் நகல் எடுத்து, டைரியில் எண்ணிக்கை எழுதி, மறுபடி துண்டில் சுற்றி எடுத்துப் போவீர்கள்.

எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினேன். எண்பது ஜிபி, நம் பிராட்பேண்டில் சிதம்பரத்துக்கு அனுப்பினால் இருபத்தொன்பது நாள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் அலைய வேண்டாம் என்றேன்.

"நான் ரெண்டு மணி நேரத்துல கொண்டுபோறத ஒன் ஒயரு இருவத்தொம்போது நாள் தூக்கிக்கினு போவுமா? அதுக்கு நம்ம ரூட் பஸ்ஸே மேலுடா."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. விடாமல், அடுத்த முறை நீங்கள் வருவதற்குள் ஒரு புரோகிராம் எழுதி வைத்தேன். புதிதாகச் சேர்ந்ததை மட்டும் நகல் எடுக்கும். நீங்கள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தீர்கள். நான்கு நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. பெருமையாக உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் திரையைப் பார்த்தீர்கள், கடிகாரத்தைப் பார்த்தீர்கள், அடுப்படியைப் பார்த்தீர்கள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். கெளம்பலாம் நீங்க."

"அத்த இப்பதான்டா மாவையே எடுத்து வெளிய வெச்சிருக்காங்க." வாசலில் கழற்றிவிட்ட செருப்பைப் பார்த்தீர்கள். "வேணாம் மச்சான். முழுசாவே எடு. மொதல்லேருந்து."

முழுசாக எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். "அது வீண் வேலை மாமா" என்றேன். "இருக்கட்டும்" என்றீர்கள். அன்று முதல் ஒவ்வொரு தரமும் முதலிலிருந்துதான். அந்த நேரத்தில் நீங்கள் தோசை சாப்பிடுவீர்கள், கீபோர்டில் சட்னி சிந்துவீர்கள், நான் கத்துவேன். ஒற்றை விரலால் ஃபோல்டருக்குப் பெயர் வைப்பீர்கள்: பாப்பா காது, பாப்பா காது திரும்ப, பாப்பா காது நல்லது. "இன்னா மாமா இது பேரு?" என்றால், "ஏன், ஒனக்குப் புரியல?" என்பீர்கள். புரிந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. ஆபீசில் யார் யாரை எந்த மேனேஜர் திட்டினான் என்று நான் உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், நகல் ஆவதைக் காட்டும் அந்த நீல நிறக் கோடு திரையில் நகர்ந்துகொண்டிருந்த நேரங்களில்.

இந்த நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வேலை எதுவும் இல்லை. அம்மா வழக்கம்போல மாவை எடுத்து வெளியே வைக்கிறாள். நாங்கள் இருவரும் சாப்பிட்டு எழுந்துவிடுகிறோம். பத்து நிமிஷம்கூட ஆவதில்லை.

தானே புயல் அடித்த மூன்றாம் நாள் நீங்கள் வந்து நின்றதை அம்மா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வழியெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது, பஸ் இல்லை, போன் இல்லை. பைக்கைத் தள்ளியும் தூக்கியும் வந்திருக்கிறீர்கள், முழங்கால் வரை சேறு. "அத்த நல்லா இருக்காங்களா?" அடுத்த கேள்வி, "பொட்டி?" நான் எரிந்து விழுந்தேன். "கரண்டே இல்ல, பொட்டி எப்படிப் போனா இன்னா? எல்லாந்தான் ஒங்க டிஸ்க்குல இருக்குல்ல?" நீங்கள் கோபப்படவில்லை. "என்னுது போச்சின்னா ஒன்னுது இருக்கணும் இல்ல மச்சான்" என்றீர்கள்.

ஜூன் ஏழு, வியாழக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சட்டைப் பொத்தானைப் பாதி போட்டபடி நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். அக்கா தண்ணீர் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

எழுத வேண்டியது ஆகஸ்ட் மாதத்து ஒரு நாளைப் பற்றி. உங்கள் பெயரை நீக்குகிற வேலைகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தன. அக்காவால் அந்த ஆபீஸ்களுக்குள் போய் நிற்க முடியவில்லை. நான் ஒரு நாள் லீவு போட்டேன். நம்பர் போட்டு ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் சிதம்பரம் வந்தேன். ஒன்று, ரேஷன் கார்டு. இரண்டு, கேஸ். மூன்று, பேங்க். நான்கு, வீட்டு வரி. ஐந்து, போன் கனெக்‌ஷன். என் குணம் தெரியுமே, எடுத்தால் முடிக்க வேண்டும்.

"யாரு பேர நீக்கணும்?"

"எங்க மாமா பேரு."

"இன்னா காரணம்?"

"இறந்துட்டாரு."

"சான்றிதழ் இருக்கா? நீக்கிடலாமா?"

"நீக்கிடுங்க."

ஐந்து ஜன்னலிலும் இதே பேச்சு. முதல் ஜன்னலில் அந்த வார்த்தையை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவதில் சரளமாக வந்தது. ஐந்தாவதில் அவர் கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொன்னேன். ஒவ்வொன்றையும் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது பட்டியலைப் பார்த்தேன். ஆறாவதாக ஒன்று பாக்கி இருந்தது, நானே எழுதியது. பொட்டி, யூசர் நீக்கம். இல்லாத ஆளின் பெயரில் கணக்கு இருக்கக் கூடாது, அது பாதுகாப்பு இல்லை என்று ஆபீசில் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தேன். கை கால் கழுவவில்லை. பொட்டியைத் திறந்து உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்து நீக்கு என்று கொடுத்தேன். அதுவும் ஒரு கேள்வி கேட்டது, இவருடைய கோப்புகளையும் சேர்த்து நீக்கிவிடலாமா என்று. அன்றைக்கு ஆறாவது ஜன்னல் அது. நான் நீக்கிடுங்க என்றேன். மாலை 6.20. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

பட்டியலில் ஆறாவதையும் அடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பொட்டி வாங்கிய அன்று ஆளுக்கொரு பெயரில் ஃபோல்டர் போட்டபோது, போட்டோவுக்கு மட்டும் பொது என்று ஒரு ஃபோல்டர் வைக்கலாம் என்று நான் சொன்னேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். "பொதுன்னு எழுதினா யாரும் பாத்துக்க மாட்டாங்க. என் பேர்ல போடு, நான் பாத்துக்கறேன்." அதை நான் மறந்தே போனேன். உங்கள் பெயரை எடுத்தால் உங்கள் போட்டோ மட்டும் போகாது, நாங்கள் எல்லோரும் போய்விடுவோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதமாக அதே டிஸ்க்குகளின் மேல் ஆபீஸ் கோப்புகளையும் சினிமாப் படங்களையும் கொட்டியிருக்கிறேன். ஒரு தரம்கூட உங்கள் ஃபோல்டரைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கப் பயம். அதைத்தான் வேலை ஜாஸ்தி என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"டேய், பாப்பா காதுகுத்து வீடியோ பொட்டில இருக்குல்ல? ஞாயித்துக்கெழம அத எடுத்துக்கினு வாடா."

"இப்ப இன்னாத்துக்குக்கா?"

"அவரு கொரலு மறந்துபோச்சிடா" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அந்த வீடியோ உங்களுக்குத் தெரியும், நீங்கள் 'பாப்பா காது நல்லது' என்று பெயர் வைத்தது. காட்டுமன்னார்கோயிலில், உங்கள் குலதெய்வம் கோயில் வாசலில் எடுத்தது. தாய்மாமன் மடி என்று பாப்பாவை என் மடியில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆசாரி ஊசியை எடுக்கிறார். கேமரா உங்கள் கையில் இருப்பதால் நீங்கள் அதில் தெரியமாட்டீர்கள், குரல் மட்டும்தான். பாப்பா வீறிடுகிறாள். "மச்சான், காது குத்தறது கொழந்தைக்கு. நீ ஏன்டா அழுவற?" என்கிறீர்கள். கூட்டம் சிரிக்கிறது. பிறகு மெதுவாக, கேமராவுக்குப் பக்கத்தில் யாரிடமோ சொல்வது போல, "அவன் அப்படித்தான், சும்மா மொறைப்பான்" என்கிறீர்கள்.

நேற்றுக் காலை கரண்ட் வந்ததும் திறந்தேன். உங்கள் பெயரில் எதுவுமே இல்லை. உடனே புரிந்துவிட்டது. அழிந்ததை மீட்கிற புரோகிராமை ஓட விட்டேன். கரண்ட் போகும், பாதியில் நிற்கும், வந்ததும் முதலிலிருந்து. சாயங்காலம் வரை போராடியதில் 211 படங்கள் கிடைத்தன. எல்லாமே பாதி. அக்காவின் நெற்றியும் கண்ணும் இருக்கிறது, அதற்குக் கீழே சாம்பல் நிறம். பாப்பாவின் மொட்டைத் தலை இருக்கிறது, முகம் இல்லை. ஆல்பத்தைப் பிரித்தபோது முகம் உரிந்து வந்தது என்று நீங்கள் சொன்னீர்களே, அது எப்படி இருந்திருக்கும் என்று நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன். வீடியோ ஒன்றுகூட இல்லை.

கண்ணாடியில் மீசை போய்விட்டது மாமா. உள்ளே இருந்தவனுக்கும் போய்விட்டது.

மிச்சம் இருப்பது இன்னொரு ஊரில் இருக்கிற அந்தச் சின்ன டிஸ்க்தான். ஜூன் மூன்றாம் தேதி நீங்கள் இங்கிருந்து எடுத்துப்போனது. அது உங்கள் சாப்பாட்டுப் பைக்குள், அந்தத் துண்டுக்குள், சிதம்பரம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. காரியத்துக்கு உங்கள் துணிமணிகளை எல்லாம் எடுத்துக் கொடுத்தபோது அந்தப் பையை மட்டும் அக்கா தொட விடவில்லை. "அதுல அவரு துண்டு இருக்கு. பிரிச்சா வாசன போயிடும்" என்றாளாம். அம்மா சொன்னாள். வீட்டைக் கூட்டுகிறவர்கள்கூடக் பை இடிபடாதபடி கதவை மெதுவாகத்தான் தள்ளுகிறார்களாம்.

ஆக, அக்காவுக்கு உங்கள் குரல் வேண்டுமானால் அந்தத் துண்டைப் பிரிக்க வேண்டும். பிரிக்கச் சொல்வதற்குக் காரணமே நான்தான் என்பதையும் நானே சொல்ல வேண்டும். நான்கு மாதமாகச் சுற்றாத டிஸ்க், அது ஓடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஓடாவிட்டால் இரண்டும் போகும், குரலும் வாசனையும். போனிலேயே சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். பொட்டி ரிப்பேர் என்று ஒரு பொய் சொல்லிக் கொஞ்ச நாள் தள்ளலாமா என்றும் யோசித்தேன். நீங்கள் இருந்திருந்தால் "லாக்ல பொய் எழுதினா பாய்லரு வெடிக்கும்டா" என்பீர்கள். ஒரு தரம் சொன்னீர்கள். அப்போது அதையும் கிண்டல்தான் செய்தேன்.

கரண்ட் போய்விட்டது. பொட்டி சத்தமில்லாமல் இருக்கிறது. போன ஆயுத பூஜைக்கு அம்மா அதன் நெற்றியில் வைத்த குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா மாவை எடுத்து வெளியே வைத்திருக்கிறாள். இன்று எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செய்ய வேண்டியது:

1. எட்டேகால் சிதம்பரம் பஸ். இந்த டைரியையும் லேப்டாப்பையும் நகலுக்கு ஒரு காலி டிஸ்க்கையும் கையோடு எடுத்துக்கொள்வது.

2. உள்ளே போனதும், தண்ணீர் குடிப்பதற்கு முன்னால், அக்காவிடம் சொல்வது. "அழிஞ்சிபோச்சி" என்று சொல்லக் கூடாது. "நான் அழிச்சிட்டேன்" என்று சொல்ல வேண்டும்.

3. அவள் திட்டி முடிக்கிற வரை வாயைத் திறக்காமல் இருப்பது. விளக்கம் சொல்லக் கூடாது.

4. பையைக் கேட்பது. முடியாது என்றால் வற்புறுத்தாமல் திரும்பி வருவது. அடுத்த ஞாயிறு மறுபடி போய்க் கேட்பது.

5. கொடுத்தால், துண்டை நான் தொடக் கூடாது. அவள்தான் பிரிக்க வேண்டும். டிஸ்க்கை எடுத்ததும் அதே மடிப்பில் திரும்பச் சுற்றி ஆணியில் மாட்டுகிற வரை காத்திருப்பது.

6. டிஸ்க் ஓடினால், வேறு எதையும் திறப்பதற்கு முன்னால் எண்ணிக்கை பார்ப்பது. 18,346.

7. பாப்பா காது நல்லது.

8. அதன் பிறகு அங்கேயே நகல் எடுப்பது. நான்கு நிமிஷ வேலை கூடாது, முதலிலிருந்து முழுசாக. முடிகிற வரை எழுந்திருக்கக் கூடாது. அக்கா என்ன போட்டாலும் சாப்பிடுவது.

9. நகலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவது. சிப்காட்டைத் தாண்டும்போது தூங்கக் கூடாது.

10. இந்த டைரியில், உங்கள் கடைசி வரிக்குக் கீழே, என் கையெழுத்தில்: 14.10.2012, ஞாயிறு, மணி, எண்ணிக்கை. எத்தனை வந்தாலும் அதையே எழுதுவது.